லாம்பேக்காரிகள் அழும் மேடு

எனக்கு வயிற்றெரிச்சல் ஜாஸ்தி. இதை முகத்துக்கு நேரே சொல்கிறவர்களும் உண்டு, முதுகுக்குப் பின்னால் சொல்கிறவர்களும் உண்டு. சொல்லட்டும். என் இடத்தில் ஒரே ஒரு வருஷம் வந்து நின்று பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

என் புருஷன் கார்மோஸ் பாரசீகப் படையோடு சண்டை போட்டு பிளாட்டியா வயல்வெளியில் செத்துப்போனார். நாங்கள் கிரிதேயா ஊர். ஆனால் அவர் கிடப்பது அந்த வயல்வெளியில் லாம்பே ஊர்க்காரர்கள் தங்கள் ஆட்களைப் புதைத்த மேட்டில். லாம்பேக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஓடைதான். அவர்கள் ஆடு இந்தப் பக்கம் வந்தால் நாங்கள் பிடித்துக் கட்டுவோம். எங்கள் பையன் அந்தப் பக்கம் போனால் அவர்கள் பல்லை உடைத்து அனுப்புவார்கள். அப்படிப்பட்ட ஊரின் மேட்டுக்கடியில் என் மனுஷன் படுத்திருக்கிறார்.

வருஷா வருஷம் குளிர் தொடங்குகிற மாதத்தில், போரில் செத்தவர்களுக்கு பிளாட்டியாக்காரர்கள் படையல் வைப்பார்கள். நானும் போவேன். லாம்பேப் பெண்கள் கறுப்பு உடுத்தி, முடியை விரித்துப் போட்டு, அவர்கள் மேட்டைச் சுற்றி வளைத்து உட்கார்ந்து அழுவார்கள். தேன் ஊற்றுவார்கள், பால் ஊற்றுவார்கள். நான் ஓரத்தில் நிற்க வேண்டும். அவர்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் முடித்த பிறகுதான் என் முறை. என் புருஷனுக்கு நான் பால் ஊற்ற, கண்டவளின் கண்ணீர் காயும்வரை காத்திருக்க வேண்டும்!

அதிலும் கிளைக்கே என்று ஒருத்தி. அவள் புருஷன் தேரோன் என் புருஷனுக்குப் பக்கத்தில் நின்று செத்தவன். அவள் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுவாள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஊர் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எங்களுது முடிஞ்சிரட்டும்."

தள்ளி நின்றால் பக்கத்தில் வந்து இன்னொன்று சொல்வாள். ஒவ்வொரு வருஷமும் சொல்வாள்.

"படைக்குக் கெளம்புன அன்னைக்கு எங்க வீட்டுலதான் சாப்பிட்டாரு அக்கா. அவசரத்துக்கு வெங்காயமும் பாலாடைக்கட்டியும்தான் இருந்துச்சு. ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு, பாவம்."

எங்கள் வீட்டில் அவர் எதையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. நான் என்னத்தைச் சமைத்தாலும் "ம்" என்று தின்றுவிட்டு எழுந்து போகிற ஆள். அவள் போட்ட வெங்காயத்தில் அப்படி என்ன இருந்ததோ, நாசமாய்ப் போக.

அவர் ஏன் லாம்பேக்காரர்களோடு போனார் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீங்களும் எங்கள் ஊர்க் கிழவிகள் மாதிரி வேறு எதையாவது நினைப்பீர்கள்.

எங்கள் ஊர்ப் படைக்குத் தலைவர் பாலியாஸ். என் புருஷனின் கூடப்பிறந்த அண்ணன். ஊர் எல்லையைத் தாண்டுவதற்கு முன் ஆட்டை வெட்டி ஈரலைப் பார்க்க வேண்டும் என்பது முறை. ஈரல் நன்றாக இருந்தால் போகலாம். முதல் ஆட்டு ஈரலில் ஒரு மடலையே காணோம். சகுனம் சரியில்லை என்று இன்னொரு ஆடு வெட்டினார்கள். அதுவும் சரியில்லை. இப்படியே ஓடைக்கரையில் உட்கார்ந்து மந்தையில் பாதியைத் தீர்த்தார்கள். சகுனம் பார்த்த ஆட்டை வீணாக்கலாமா? சுட்டுத் தின்றார்கள். எங்கள் ஊர் ஆண்கள் அந்த நாட்களில் தின்ற மாதிரி கறி கல்யாணத்தில்கூடத் தின்றதில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் லாம்பேப் படை கிளம்பிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு முதல் ஆட்டிலேயே நல்ல சகுனமாம். லாம்பே ஆட்டுக்குக்கூட எங்கள் ஆட்டைவிட நல்ல ஈரல்.

என் புருஷன் அண்ணனிடம் கேட்டிருக்கிறார். "ஏண்ணே, ஆடு சரின்னு சொல்ற வரைக்கும் பாரசீகன் அங்க காத்துக்கிட்டு இருப்பானா?"

"சாமி காரியத்துல வாயை வைக்காதடா" என்றாராம் பாலியாஸ், வாயில் கறியோடு.

என் புருஷன் கேடயத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கி அந்தப் பக்கம் ஏறிவிட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை.

கடைசியில் எங்கள் படைக்கும் நல்ல ஈரல் கிடைத்தது. போய்ச் சேர்ந்தபோது ஸ்பார்ட்டாக்காரர்கள் கொள்ளைப் பொருளைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். "போரா? அது முடிஞ்சு போச்சே. சாப்பிட்டீங்களா?" என்று அவர்களின் அடிமை ஒருவன் கேட்டானாம். அந்தக் கேள்வி எங்கள் ஊருக்குப் பட்டப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. போதாக்குறைக்கு லாம்பேயிலிருந்து ஒரு தூதன் வந்து எங்கள் சந்தை நடுவில் நின்று, "உங்க ஊர்ல நேரத்துக்கு வந்தது ஒரே ஒரு ஆளு. அவரு எங்க ஆளுங்களோட படுத்திருக்காரு" என்று கத்திவிட்டுப் போனான். விதவையானது அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது, காய்கறிக் கூடையோடு சந்தையில் நிற்கும்போது.

அதற்குப் பிறகு நான் பாலியாஸ் வீட்டில்தான் இருக்கிறேன். புருஷன் இல்லாதவள் புருஷனின் அண்ணன் நிழலில்தான் இருக்க வேண்டும். அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். "ஸ்பார்ட்டாக்காரன் மட்டும் என்னவாம்? அம்பு மழையா விழும்போதும் சகுனம் நல்லா வரட்டும்னு உட்கார்ந்துதானே இருந்தான்!" என்பார், விருந்தாளி யார் வந்தாலும்.

ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. "அவங்க அம்பு விழுற எடத்துல உட்கார்ந்திருந்தாங்க பெரியத்தான். நீங்க கறி வேகுற எடத்துல உட்கார்ந்திருந்தீங்க" என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இல்லை. பரவாயில்லை, வயிறு நிறைந்துதான் இருந்தது.

இந்த வருஷம் அறுவடை முடிந்ததும் அவரே என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"ஆர்கிப்பே, நாம பிளாட்டியாவுல ஒரு மேடு கட்டப்போறோம்."

"யாரைப் பொதைக்க?"

"எல்லா ஊரும் கட்டுது. சண்டைக்கே வராத ஊரெல்லாம் மண்ணைக் குவிச்சு வச்சுட்டு, எங்க ஆளுங்க உள்ள இருக்காங்கன்னு சொல்லுது. நாளைக்கு வர்ற பிள்ளைங்க அந்த வழியாப் போனா லாம்பே மேடு எங்கன்னு கேக்கும், கிரிதேயா மேடு எங்கன்னு கேக்கும். என்ன சொல்றது?"

"கறி தின்னுட்டு இருந்தோம்னு சொல்லுங்க."

பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். காரியம் ஆக வேண்டும் அல்லவா. "இங்க பாரு தாயி. நம்ம மேடு வெறும் மேடா இருக்கக் கூடாது. நம்ம கார்மோஸ் எலும்பை லாம்பே மேட்டுலேருந்து எடுத்து நம்ம மேட்டுல வைக்கலாம். பொண்டாட்டி லாம்பே மேட்டு முன்னால நின்னு, என் புருஷன் இதுக்குள்ளதான் இருக்காருன்னு சொல்லணும். கூடப்பிறந்தவன் நான் கேக்கணும். ரெண்டும் நடந்தா பிளாட்டியாத் தலைவர் மேட்டைத் தொறந்து குடுத்துதான் ஆகணும். அது அவங்க சட்டம்."

எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. பாலியாஸ் யோசனைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் அந்த நேரத்தில் நான் நினைத்தது ஒன்றே ஒன்று. என் புருஷன் என் ஊர் மேட்டில் இருப்பார். முதலில் பால் ஊற்றுவது நான். கிளைக்கே வந்தால் "தள்ளி நில்லும்மா, ஊர் முறை" என்று சொல்வது நான். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அதற்காகவே நான் பிளாட்டியாவரை நடந்தே போவேன்.

"எப்பப் போறோம்?" என்று கேட்டேன்.

பிளாட்டியா அந்த மாதத்தில் திருவிழாக் கூட்டமாக இருக்கும். நாங்கள் தங்கிய சத்திரத்து முற்றத்தில் ஏதென்ஸ்காரன் ஒருவனும் தெகேயா ஊர்க்காரன் ஒருவனும் கத்திக்கொண்டிருந்தார்கள். "சலாமிஸ்ல எங்க கப்பல் இல்லன்னா நீங்க எல்லாம் இன்னைக்குப் பாரசீகனுக்குக் கால் கழுவிட்டு இருப்பீங்க" என்றான் ஏதென்ஸ்காரன். "தண்ணியில விளையாடுனதெல்லாம் போரா? அவன் கூடாரத்துக்குள்ள மொதல்ல நுழைஞ்சது நாங்க" என்றான் தெகேயாக்காரன். "நுழைஞ்சு எதைத் தூக்கிட்டு வந்தீங்க? குதிரைக்குத் தீனி வைக்குற தொட்டி!" முற்றமே சிரித்தது. மூலையில் ஒரு ஸ்பார்ட்டாக்காரன் பேசாமல் தின்றுகொண்டிருந்தான். மெச்சிக்கொள்ளாமலே மெச்சிக்கொள்கிற ஜாதி. பாலியாஸ் அவர்கள் நடுவில் போய், "எங்க கிரிதேயாவும்..." என்று ஆரம்பித்தார். "ஓ, சாப்பிட்டீங்களா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். சண்டை போட்டவர்களை எங்கள் ஊர் ஒரு நொடியில் ஒன்று சேர்த்துவிட்டது.

எங்கள் மேட்டை அதற்குள் கட்டி முடித்துவிட்டார்கள். பாலியாஸ் ஆட்களை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். லாம்பே மேட்டைவிட ஒரு முழம் உயரமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. புது மண் வாசனை போகவில்லை. மேல் பக்கம் ஒரு குழியைத் திறந்தபடி விட்டிருந்தார்கள். முன்னால் கல். கல்லில் கார்மோஸ் பெயர். இத்தனை வருஷத்தில் அவர் பெயரை எழுத்தில் நான் பார்த்ததே இல்லை. லாம்பே மேட்டுக் கல்லில் அவர்கள் ஊர்க்காரர்களின் பெயர்களைத்தான் வெட்டியிருந்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

தண்ணீர் எடுக்க ஊற்றுக்குப் போனபோது கிளைக்கே அங்கே இருந்தாள். விஷயம் அவளுக்கு எட்டியிருந்தது.

"அக்கா, எடுக்கப்போறீங்களாமே?"

"என்னுதை நான் எடுக்குறேன். உனக்கென்ன?"

"எடுத்துக்கோங்க அக்கா. உங்க வீட்டுக்காரரு, உங்க உரிமை. ஆனா..." குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "அன்னைக்கு விறகு கெடைக்கல. எல்லா ஊர்க்காரங்களும் அவங்கவங்க ஆளுங்களை எரிச்சுக்கிட்டு இருந்தாங்க. எங்காளுங்க எல்லாரையும் ஒரே சிதையில அடுக்கி எரிச்சாங்க. ஒரே குழியில அள்ளிக் கொட்டுனாங்க. எது யாருதுன்னு யாருக்கும் தெரியாது. நீங்க ஒரு கை அள்ளுனா அதுல என் தேரோனும் வருவாரு அக்கா."

கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். மனசுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் எழுந்ததையும் சொல்லிவிடுகிறேன். வரட்டுமே அவள் தேரோனும். வருஷா வருஷம் அவள் எங்கள் மேட்டுக்கு வந்து என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கட்டும்.

பாலியாஸிடம் சொன்னேன். "எலும்பெல்லாம் ஒண்ணாக் கலந்திருக்காம்."

"அதனால என்ன? ஒரு கை அள்ளு. எலும்பு வந்து நான் லாம்பேக்காரன்னு பேசவா போகுது?"

மறுநாள் காலையில் பிளாட்டியாத் தலைவர் வந்தார். வருஷம் முழுக்க வெள்ளை உடுத்தி, இரும்பைத் தொடாமல் இருக்கிறவர் அவர். செத்தவர்களுக்கான நாளில் மட்டும் சிவப்பு உடுத்தி இடுப்பில் வாளோடு வருவார். லாம்பே மேட்டின் முன்னால் நின்றார். லாம்பேப் பெண்கள் ஒரு பக்கம், எங்கள் ஊர் ஆண்கள் ஒரு பக்கம். மண்வெட்டியோடு ஆட்கள் தயார்.

"முதல்ல அண்ணன் பேசலாம்" என்றார் தலைவர்.

பாலியாஸ் முன்னால் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "கார்மோஸ் என் தம்பி. கிரிதேயாப் படை வரிசையில, என் வலது கைப்பக்கம் நின்னு சண்டை போட்டான். என் கண்ணு முன்னாலதான் விழுந்தான். நான்தான் அவன் கண்ணை மூடுனேன். கலவரத்துல லாம்பேக்காரங்க அவங்க ஆளுங்களை அள்ளும்போது, எங்களுக்குத் தெரியாம இவனையும் அள்ளிட்டாங்க."

குரல்கூடத் தழுதழுத்தது, பாவி மனுஷனுக்கு.

அட, இது எனக்குத் தோன்றவே இல்லையே! எலும்பு எங்கள் மேட்டுக்கு வந்தால், ஆளும் எங்கள் பக்கம் வந்துவிடுவார். அண்ணனை விட்டுவிட்டுக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், அண்ணனின் வலது பக்கம் நின்று செத்தவர் ஆகிவிடுவார். நாளைக்கு அந்த வழியாகப் போகிற பிள்ளைகளிடம் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். என் புருஷன் செய்தது ஒரே ஒரு பெரிய காரியம். அதைக் கறி தின்ற கையால் இவர் அள்ளப் பார்க்கிறார்.

கிளைக்கேயைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் மேல் எனக்கு இருந்த எரிச்சல் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் இவருக்குக் கொடுப்பதைவிட அவளே வைத்துக்கொள்ளட்டும். குறைந்தபட்சம் அவள் பொய் சொல்வதில்லை. வெங்காயம் போட்டேன் என்றால் போட்டிருப்பாள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க" என்றார் தலைவர். "உங்க புருஷன் இதுக்குள்ள இருக்காரா?"

இருக்கார் என்று சொன்னால் மேட்டைத் திறந்துவிடுவார்கள். திறக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. கேட்பது அண்ணன். எனக்கு இருந்தது ஒரே ஒரு வழிதான்.

"இல்ல" என்றேன்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. சாமி பேரால சொல்லணும்."

"சாமி சத்தியமா என் புருஷன் இந்த மேட்டுல இல்ல."

கூட்டம் சலசலத்தது. லாம்பேக் கிழவர்களுக்கு முகம் செத்துவிட்டது. வருஷா வருஷம் எங்களைக் குத்திக் காட்ட அவர்களிடம் இருந்த முள்ளை நான் பிடுங்கிவிட்டேன் அல்லவா. நான் பாலியாஸைத்தான் பார்த்தேன். இந்த ஆள் வெட்கத்தில் மண்ணோடு மண்ணாகப் போவதைப் பார்க்க ஆசை. நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகம் மெல்ல மலர ஆரம்பித்தது.

"பாத்தீங்களா தலைவரே!" என்றார். "எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. அன்னைக்கு இருந்த கலவரத்துல நாங்களும் எங்க கையால அள்ளித்தான் பொதைச்சோம். எங்க ஆளு எங்ககிட்டயே இருக்கானா, இவங்ககிட்ட போயிட்டானான்னு தெரியாமத்தான் கேட்டேன். பொண்டாட்டிக்குத் தெரியாததா? அவன் எங்க மேட்டுலதான் இருக்கான். அந்தக் குழியை மூடுங்கடா!"

தலைவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாதி நம்பினார், பாதி நம்பவில்லை என்று நினைக்கிறேன். பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. விதவை சாமி பேரால் சத்தியம் செய்திருக்கிறாள், அண்ணன் சாட்சி சொல்கிறான், கல்லில் பெயர் இருக்கிறது. "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ஒரு கை எலும்பை எடுத்து வந்திருந்தால்கூட லாம்பேக்காரர்கள் ஆயுசுக்கும் வழக்கு நடத்தியிருப்பார்கள். பெண்டாட்டியே சத்தியம் செய்த பிறகு இப்போது வழக்கும் இல்லை. என் வாயாலேயே முடித்துவைத்துவிட்டேன்.

எக்காளம் ஊதினார்கள். தலைவர் ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொரு ஊர்க் கல்லையும் தன் கையால் கழுவினார், வாசனைத் தைலம் தடவினார். ஸ்பார்ட்டாவின் கல், ஏதென்ஸின் கல், தெகேயாவின் கல், லாம்பேயின் கல். கடைசியில் எங்கள் கல். என்னை முன்னால் நிறுத்தினார்கள். இனி எல்லா வருஷமும் அங்கேதான் நிறுத்துவார்கள், ஊருக்கு இருக்கிற ஒரே வீரனின் பெண்டாட்டி என்று. கறுப்புக் காளையை வெட்டினார்கள். கிரேக்கருக்காக உயிர் விட்டவர்களே, வந்து சாப்பிடுங்கள் என்று தலைவர் உரக்கக் கூப்பிட்டார். எங்கள் கல்லின் முன்னால் நின்று, "கார்மோஸ், வா" என்று பெயர் சொல்லியே கூப்பிட்டார். பாலியாஸ் ஓவென்று அழுதார்.

என் கையில் பால் கிண்ணம். முதல் ஆளாக நான்தான் ஊற்ற வேண்டும். ஊற்றினேன். புது மண் உறிஞ்சிக்கொண்டது.

அந்தப் பக்கம் லாம்பே மேட்டில் என் மனுஷன் இருந்தார். தோளோடு தோள் நின்றவர்களோடு, விட்டுப் பிரிக்க முடியாதபடி. இனி அந்த மேட்டின் ஓரத்தில்கூட நான் போய் நிற்க முடியாது. புருஷன் இங்கே இல்லை என்று சத்தியம் செய்தவளுக்கு அங்கே என்ன வேலை?

கூட்டம் கலையும்போது கிளைக்கே எங்கள் மேட்டுப் பக்கம் வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தாள்.

"அக்கா, நீங்க எனக்காகத்தான் அப்படிச் சொன்னீங்கன்னு தெரியும். நீங்க கவலைப்படாதீங்க. உசுரு இருக்கற வரைக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்து நானே ஊத்திடறேன். இன்னைக்கு அவரு பேரைச் சொல்லித்தான் மொதல்ல ஊத்துனேன்."

அவளுக்காகச் சொன்னேனாம்! நல்லவள்தான். மனசு நிறையச் சொன்னாள். நானும் "சரிம்மா" என்றேன். அவள் விரல்களில் தேன் இன்னும் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அந்தக் கையை ஒடித்துப் போட வேண்டும்போல இருந்தது எனக்கு.